சிவப்புப் பூசிய வயல்கள்

அத்தியாயம் 14

“யசு, இன்னிக்கு மதகுல நீ நில்லு.”

எய்கிச்சி இதைச் சொன்னபோது ஊறுகாய்த் தட்டிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. ஊறுகாயிடம் சொல்வதுபோல்தான் சொன்னார்.

அடுப்படியில் சுடச்சுடச் சோற்றை உருண்டை பிடித்துக்கொண்டிருந்த கிரியேவுக்கு உள்ளங்கை எரிந்தது. ஆனாலும் உருண்டையைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் யசுமசா, குழம்புக் கிண்ணத்தை வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

“நானா?”

“முட்டி வலிக்குது எனக்கு. வேற யாரு இருக்கா இந்த வீட்டுல?”

முட்டியும் வலிக்கவில்லை, ஒன்றும் வலிக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம்தான் இந்த எழுபத்தெட்டு வயதுக் கிழவர் நாற்றுப் பெட்டிகளை இரண்டு இரண்டாக அடுக்கித் தூக்கிக்கொண்டு போனதைக் கிரியே பார்த்திருந்தாள்.

ஒகுனோசாவா கிராமத்தில் ஏப்ரல் கடைசி ஞாயிறு என்றால் வாய்க்கால் தூர் வாரும் நாள். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். மலையடியில் தொடங்கிக் கீழ்ச்சாலைவரை நாலு கிலோமீட்டர். வாரி முடித்ததும் தலைமதகின் பலகையைத் தூக்கி முதல் தண்ணீரை விடுவது மேல்கோடி வீட்டு ஆண்மகனின் உரிமை. மேல்கோடி வீடு தோகாஷி வீடு. ஐம்பத்தொரு வருஷமாக அந்தப் பலகையை எய்கிச்சியைத் தவிர வேறு ஒருவரும் தொட்டதில்லை. ஒரு வருஷம் காய்ச்சல் நூற்றிரண்டு இருந்தபோதும் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய்த் தொட்டுவிட்டு வந்தவர்.

போன வாரம் இந்தக் குடும்பத்தை எந்த நிலைமையில் விட்டோம் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். கீழ்ச்சாலைக் கம்பெனியின் மேலாளர் வந்துபோனார். ஆளில்லாத வீட்டு வயல்களையெல்லாம் குத்தகைக்கு வளைத்துப்போட்டு, பெரிய பெரிய இயந்திரங்களும் வியட்நாமிலிருந்து வந்த நாலு ஆட்களுமாக விவசாயம் செய்கிற கம்பெனி அது. இயந்திரங்களை மேய்க்க ஒரு நல்ல ஆள் வேண்டும், யசுமசா வருவாரா என்று கேட்டார்.

அன்றைக்கு நாற்றுப் பெட்டி கழுவும்போது யசுமசா மனைவியிடம் சொன்னது இது:

“உங்கப்பா ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும் கிரியே. எனக்கு அடுத்தது யசுதான்னு நாலு பேர் முன்னாடி சொல்லட்டும். கம்பெனிக்காரனை வாசலோட அனுப்பிடறேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பதில் சொல்லாம வெச்சிருக்கேன்.”

யசுமசா சகாதா துறைமுகத்துக்காரர். மீன்பிடிக் குடும்பத்தில் மூன்றாவது பிள்ளை. தோகாஷி வீட்டில் ஆண்வாரிசு இல்லை என்பதால் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தார். வெறுமனே வந்து தங்கவில்லை. பிறந்த வீட்டுப் பேரை விட்டுவிட்டு தோகாஷி என்ற பேரை எடுத்துக்கொண்டார். அன்றையிலிருந்து மாமனாரை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார். இருபத்திரண்டு வருஷமாகிறது. எந்த வயலில் எந்த நெல், என்றைக்கு மருந்து, என்றைக்கு அறுவடை என்று ஒரு விஷயத்தைக்கூடக் கிழவர் அவரைக் கேட்டுச் செய்ததில்லை. வாய்க்கால் தூர் வாரும் நாளில் யசுமசா நிற்கும் இடம் நடுவரிசை. சேற்றை அள்ளிக் கரையில் போடுகிற இடம்.

“சாப்பிட்டுட்டுக் கிளம்பு. மத்தியானம் கூட்டத்துலயும் என் இடத்துலயே உக்காந்துக்கோ” என்றார் எய்கிச்சி, இப்போதும் ஊறுகாயைப் பார்த்து.

யசுமசா எழுந்து ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, அடுப்படி வழியாகப் போகத் தேவையே இல்லாமல் அந்த வழியாகப் போனார். ஐம்பத்தொரு வயது மனுஷர் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினவர் மாதிரி இருந்தார்.

“கேட்டியா?” என்றார் மெதுவாக.

“கேட்டேன், கேட்டேன். பூட்ஸை மாத்திப் போட்டிருக்கீங்க, பாருங்க” என்றாள் கிரியே. அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தச் சந்தோஷம் சரியாக இருபது நிமிஷம் நீடித்தது.

*

தொலைபேசியில் ஃபுமி. ஊர்த்தலைவர் இகராஷியின் மனைவி.

“கிரியே, மூங்கில் குருத்து இன்னும் ரெண்டு இருந்தாக் கொண்டு வா. குழம்புக்குப் பத்தாது. அந்த வியட்நாம் பசங்க நல்லா சாப்பிடறாங்க, பாவம்.”

“கொண்டு வர்றேன்க்கா.”

“அப்புறம் கேளு. வரைபடம் ரெடி. எங்க வீட்டுக்காரரு நாலு நாளாத் தரையில குப்புறப் படுத்துக்கிட்டு பேத்தியோட கிரேயானை எடுத்துக் கலர் அடிச்சாரு. இடுப்புப் பிடிச்சிருச்சு. நாந்தான் எண்ணெய் தேய்ச்சு விட்டேன்.”

“எந்த வரைபடம்?”

“என்னடி, மறந்துட்டியா? ஃபிப்ரவரியில எல்லா வீட்டுலயும் ஒரு தாள் எழுதி முத்திரை வெச்சுக் குடுத்தீங்களே. வயலைப் பாத்துக்க அடுத்த ஆள் உண்டா இல்லையான்னு. உண்டுன்னா பச்சை, இல்லைன்னா சிவப்பு. இன்னிக்குக் கூட்டத்துல சரிபாத்து நாளைக்கு நகராட்சிக்கு அனுப்பணும். சிவப்பு வயல் எல்லாம் வர்ற அறுப்போட கம்பெனிக்குப் போயிடும்.”

கிரியே தொலைபேசியை வைத்தாள். வைத்த கை அதன்மேலேயே இருந்தது.

அந்தத் தாளை அவள் மறக்கவில்லை. ஏதோ ஒரு அலுவலகத்தில் ஏதோ ஒரு அலமாரியில் தூங்கும் என்று நினைத்திருந்தாள். அது கிரேயான் பூசிக்கொண்டு கூட்டத்துக்கு வரும் என்று அவள் கண்டாளா?

ஃபிப்ரவரியில் பனி ஜன்னல்வரை ஏறியிருந்த ஒரு நாள். எய்கிச்சி கண்ணாடியைத் தேடாமல், கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் தன் பேர் முத்திரையை மட்டும் எடுத்து மகளிடம் கொடுத்தார். “இந்தக் கண்றாவியை எல்லாம் யாரு படிக்கறது. நீயே பாத்துப் போடு.” அந்த வீட்டுத் தாள்களெல்லாம் எப்போதும் கிரியேவின் கையெழுத்தில்தான் போகும். யசுமசா அன்றைக்குக் காலுக்குப் பயிற்சி செய்ய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்.

காலில் எப்படி அடிபட்டது என்பதுதான் விஷயம். அக்டோபரில் மேல்வயல் வரப்பில் டிராக்டர் சரிந்து அவர் அதன் அடியில் மாட்டிக்கொண்டார். சேறு இளகியிருந்ததால் உயிர் தப்பியது. மூன்று மணி நேரம் கிடந்தார். சாப்பாட்டுக்கு வரவில்லையே என்று தேடிப்போனவள் கிரியே. தூரத்திலிருந்து அவள் முதலில் பார்த்தது வானத்தைப் பார்த்துத் திரும்பியிருந்த சக்கரத்தை. அதற்குப் பிறகு அந்த மலைச்சரிவு வயல்களின்மேல் அவளுக்கு இருந்த பாசமெல்லாம் செத்துப்போயிற்று.

‘உங்களுக்குப் பின் இந்நிலங்களைப் பயிரிட ஆள்: உண்டு / இல்லை.’

அவள் இல்லை என்பதைச் சுற்றி வட்டம் போட்டாள். நீலப் பேனாவால், நிதானமாக. யாரையும் கேட்கவில்லை. அப்பா காலம் முடிந்ததும் இந்த வயலும் போகட்டும், என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கட்டும் என்று நினைத்தாள். சென்தாய் நகரத்தில் நர்ஸுக்குப் படிக்கிற மகள் ஹொனோகாவும் இதில் வந்து மாட்ட வேண்டாம் என்று நினைத்தாள். தப்பு செய்கிறோம் என்ற எண்ணம் அப்போது துளிகூட இல்லை.

*

ஊர்க்கூடத்தின் முன்பக்கத்தில் யாரும் இல்லை. பெண்கள் பின்கட்டில் குழம்புக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். மூங்கில் குருத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டுக் கிரியே முன்கூடத்துக்கு வந்தாள்.

வரைபடம் சுவரை அடைத்துத் தொங்கியது. இகராஷி உழைத்துத்தான் இருக்கிறார். ஒவ்வொரு வயலும் கோடு தாண்டாமல் பூசப்பட்டிருந்தது. பதினோரு வீட்டில் பச்சை இரண்டே வீடுதான். மீதியெல்லாம் சிவப்பு. மேல்கோடியில், மலைக்கு நெருக்கத்தில், தோகாஷி வீட்டு வயல் பதினேழும் ஒன்றுவிடாமல் சிவப்பு.

மேஜைமேல் கிரேயான் டப்பா திறந்து கிடந்தது.

புத்தியுள்ள யாரும் செய்ய மாட்டார்கள். கிரியே செய்தாள். பச்சையை எடுத்து ஓரத்திலிருந்த ஒரு சின்ன வயலின்மேல் அழுத்தித் தேய்த்தாள். சிவப்பின்மேல் பச்சை ஏறினால் பச்சையாகவா இருக்கும்? பழுப்பாயிற்று. இன்னும் அழுத்தினாள், இன்னும் பழுப்பாயிற்று. மற்றப் பதினாறு சிவப்பு வயலுக்குப் பக்கத்தில் அது ஒன்று மட்டும் சாணி பூசினதுபோல் நின்றது.

“கிரியே, உப்பு எங்க வெச்சே?” என்று ஃபுமியின் குரல் வந்தது.

கிரேயானைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பதினொரு மணிக்குப் பெண்கள் தேநீர்க் கூஜாக்களோடு தலைமதகுக்குப் போனார்கள். சேறெல்லாம் கரையேறியிருந்தது. முப்பது வருஷத்துக்கு முன் அறுபது பேர் வாரின வாய்க்காலை இன்று பதினைந்து பேர் வாரினார்கள். அதில் பத்துப் பேர் அறுபது தாண்டியவர்கள். கம்பெனி வயல்களுக்காக வந்த வியட்நாம் ஆட்கள் நாலு பேர்தான் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். மற்றவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னிக்கு அரை ஆள் வரல போலிருக்கே” என்றார் கன்னோ, கிரியேவைப் பார்த்து. பக்கத்து வயல்காரர். நாக்கில் எப்போதும் மிளகாய் தடவியிருப்பவர்.

ஒகுனோசாவா வழக்கம் அப்படி. பெண் வந்தால் அரை ஆள் கணக்கு. போன இலையுதிர்காலத்தில் கரை செதுக்கும் வேலைக்கு யசுமசாவால் நிற்க முடியவில்லை, எய்கிச்சிக்கும் சளி. கிரியே தனியாகப் போய்ப் பொழுதெல்லாம் புல் அறுத்தாள். கடைசியில் இதே கன்னோ, ‘பாக்கி அரையை எப்போ அனுப்பறீங்க?’ என்று கேட்டார். போன வருஷம் ஹனோயிலிருந்து வந்தவர் முழு ஆள். நாற்பத்தேழு வருஷமாக இந்த வாய்க்கால் தண்ணீரில் சோறு தின்றவள் அரை ஆள். கிரியே அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறையில் உட்கார்ந்து அழுதாள்.

“இன்னிக்கு முழு ஆளே மதகுல நிக்குது கன்னோ அண்ணே. கண்ணாடி போட்டுப் பாருங்க” என்றாள் இப்போது.

யசுமசா மதகின்மேல் நின்றார். பனி உருகின தண்ணீர் பலகைக்குப் பின்னால் முட்டிக்கொண்டிருந்தது. இகராஷி கையை உயர்த்தினார். யசுமசா குனிந்து, நனைந்து ஊறின பலகையை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு மூச்சில் தூக்கினார்.

தண்ணீர் அவர் பூட்ஸை நனைத்துக்கொண்டு பாய்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் சிரித்தார். பல் தெரிய, கண் சுருங்க. கல்யாணப் புகைப்படத்தில்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை. கரையில் எய்கிச்சி களை பிடுங்குகிறவர் மாதிரி குனிந்திருந்தார். அந்த இடத்தில் களையே இல்லை.

இப்போது சொல்லிவிடலாமா என்று கிரியே நினைத்தாள். இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது? தேநீரை ஊற்றி நீட்டினாள். கை நடுங்கியதில் பாதி அவர் கையுறைமேல் கொட்டியது.

“நானே நடுங்கல, நீ ஏன் நடுங்கறே?” என்றார் யசுமசா.

*

கூட்டத்தில் யசுமசா எய்கிச்சியின் இடத்தில் உட்கார்ந்தார். கிழவர் அவருக்குப் பின்னால், சுவரோரமாக. எல்லோரும் அதைக் கவனித்தார்கள்.

இகராஷி இடுப்பைத் தேய்த்துக்கொண்டே எழுந்தார்.

“கீழிருந்து மேல வர்றேன். தப்பு இருந்தாச் சொல்லுங்க, திருத்திடலாம். இஷிசுகா வீடு, பச்சை. கன்னோ வீடு, சிவப்பு…”

“சிவப்புதான். என் பையன் டோக்கியோவுல லிஃப்ட் ரிப்பேர் பண்றான். நெல்லு மரத்துல காய்க்குதா செடியில காய்க்குதான்னு கேப்பான்” என்றார் கன்னோ. சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டிலும் அதே கதைதான்.

கிரியே பின்கட்டு வாசலில் தட்டோடு நின்றாள். வேகமாகப் படித்துக்கொண்டே போனால் மேல்கோடியை யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்களோ என்று ஒரு நப்பாசை.

“இது என்ன இது?” இகராஷி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். “பழுப்புன்னு ஒரு கலரே நான் வைக்கலியே. ஃபுமி, பேத்தி வந்தாளா இங்க?”

எல்லாத் தலைகளும் அந்தப் பழுப்பு வயலை நோக்கி நீண்டன. அதைப் பார்த்தவர்கள் அதைச் சுற்றியிருந்த சிவப்பையும் பார்த்தார்கள்.

யசுமசாவும் பார்த்தார்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. விரலால் ஒவ்வொரு வயலாக எண்ணுவது போலிருந்தது. எண்ணி முடித்தபோது காலையிலிருந்து இருந்த அந்த முகம் போய்விட்டது.

“தோகாஷி வீடு சிவப்பா?” கன்னோவால் சும்மா இருக்க முடியுமா? “அப்போ யசுமசா யாரு? இருபத்திரண்டு வருஷமா விருந்துக்கு வந்திருக்காரா?”

யாரும் சிரிக்கவில்லை. ஒகுனோசாவாவில் கன்னோவின் பேச்சுக்கு யாரும் சிரிக்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

கிரியே ஓரடி முன்னே வைத்தாள். அதற்குள் சுவரோரமிருந்து குரல் வந்தது.

“நான்தான் எழுதினேன்” என்றார் எய்கிச்சி. “என் முத்திரைதானே இருக்கு? அப்போ நான்தான்.”

யசுமசா திரும்பி அவரைப் பார்த்தார். ஏன் என்று கேட்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கேட்கவில்லை. கைகளைத் தொடைமேல் வைத்து, சபைக்குத் தலைவணங்கி எழுந்து, பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

“சரி, சரி, முதல்ல சாப்பிடுவோம். குழம்பு ஆறுது. இந்த விஷயத்தைச் சாப்பாட்டுக்கப்புறம் பாக்கலாம்” என்றார் இகராஷி.

*

கிரியே பின்கதவால் ஓடினாள். செருப்பு மாட்டும்போது தோளில் ஒரு கை விழுந்தது.

“எங்க போறே?” என்றார் எய்கிச்சி.

“ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க? நீங்க அந்தத் தாளைப் படிக்கவே இல்லியே.”

“படிக்கல. அதனாலதான் யாரு எழுதினதுன்னு எனக்குத் தெரியும்.” அவர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “நீ ஏன் எழுதினேன்னு கேக்க மாட்டேன். அந்த டிராக்டரை நானும்தான் பாத்தேன். ஆனா நீ வாயைத் திறக்காதே.”

“அவரு கம்பெனிக்குப் போயிடுவாருப்பா.”

“போகட்டும். போனாலும் ராத்திரிக்கு உன் வீட்டுக்குத்தானே வருவான்? என்மேல கோவம்னா அது அவனுக்குப் பழக்கம். நான் கிழவன், இன்னும் எத்தனை வருஷம்? உன்மேல கோவம் வந்தா அது வேற. புரியுதா?”

அவளுக்கு நன்றாகப் புரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு நல்ல வார்த்தை சொல்லாத இந்த மனுஷர், இன்று காலையில் தன் மதகைக் கொடுத்தார். மத்தியானம் மகளுக்காகத் தன் பேரையும் கெடுத்துக்கொண்டார். அதை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதா?

அவள் அவர் கையை விலக்கிவிட்டுத் தெருவுக்கு வந்தாள்.

யசுமசா சின்ன லாரியின் கதவில் சாய்ந்து நின்றார். கையில் கைபேசி. கம்பெனி மேலாளரின் எண் திரையில் இருந்தது, இன்னும் அழுத்தவில்லை.

“காலையில எதுக்கு என்னை மதகுல நிக்க வெச்சாரு?” என்றார் அவளைப் பார்த்ததும். “வழியனுப்பு விழாவா? எங்க ஊர்ல மீனைக்கூட இப்படி ஏமாத்திப் பிடிக்க மாட்டோம்.”

“அப்பா எழுதல.”

“முத்திரை?”

“முத்திரை அவருது. வட்டம் போட்டது நான்.”

அவர் சிரித்தார். “உங்கப்பாவைக் காப்பாத்தறியா?”

“நீலப் பேனா. அன்னிக்கு நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தீங்க. வர்றப்போ பனியில பஸ் நின்னுபோச்சு, நடந்து வந்தீங்க. நான் அப்போதான் தாளை உறையில போட்டு ஒட்டினேன். நீங்களே தண்ணி தொட்டுக் குடுத்தீங்க ஒட்டறதுக்கு.”

யசுமசாவின் சிரிப்பு நின்றது. அந்த உறை அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

“எனக்குப் பயமா இருந்துதுங்க” என்றாள். “அந்தச் சக்கரத்தை மறக்க முடியல. அந்த வயல் தொலைஞ்சா நீங்க பிழைச்சிருப்பீங்கன்னு நினைச்சேன். இப்ப கம்பெனிக்குப் போனா அதே டிராக்டர்தான் ஓட்டப்போறீங்க. எனக்குக் கணக்கே தெரியல.”

“வண்டிக்கு அடியில கிடந்தது நான். நான் பயப்படல.”

“நான் பயந்தேன்.”

“அப்போ அதைச் சொல்லியிருக்கணும். என்கிட்ட கேட்டிருக்கணும்.”

“கேட்டா நீங்க மாட்டேன்னு சொல்லியிருப்பீங்க.”

“ஆமா, சொல்லியிருப்பேன். அதுக்குத்தானே கேக்கறது?”

வாய்க்காலில் புதுத்தண்ணீர் சலசலத்துக்கொண்டு போயிற்று. கீழே யாரோ ஒருவர் வயலில் அதற்குள் மடை திறந்துவிட்டிருந்தார்.

“உங்கப்பா என்னை ஆளா மதிக்கலைன்னா அது எனக்குப் பழகிப்போச்சு” என்றார் யசுமசா. குரல் உயரவில்லை. “காலையில கோவப்படுவேன், மத்தியானம் நாத்துக்குத் தண்ணி தெளிப்பேன். இப்பகூட, அவருதான் எழுதினாருன்னா, இந்த போனைப் பண்ணியிருக்க மாட்டேனோ என்னவோ. சும்மா கையில வெச்சுக்கிட்டு நின்னேன். ஆனா நீ எழுதினியே கிரியே. தண்ணி தொட்டுக் குடுத்தவனைப் பாத்துக்கிட்டே உறையை ஒட்டினியே.”

அரை ஆள் என்று ஒருவர் எண்ணியதற்கு அழுதவள் கிரியே. கட்டின புருஷனை ஆளே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். நல்லதுக்குத்தான் செய்தேன் என்று இதற்குமேல் எந்த வாயால் சொல்வது?

யசுமசா கைபேசியைச் சட்டைப்பையில் போட்டார். எண்ணை அழுத்தவில்லை. திரும்பிக் கூடத்தைப் பார்த்து நடந்தார்.

அழுத்தவில்லையே என்று கிரியேவுக்கு ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. அவர் பின்னாலேயே போனாள்.

*

குழம்புக் கிண்ணங்கள் ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன. யசுமசா உள்ளே வந்து முன்பு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தார்.

“மத்த வீடெல்லாம் முடிஞ்சுது” என்றார் இகராஷி, தயங்கித் தயங்கி. “தோகாஷி வீடு ஒண்ணுதான் பாக்கி. எய்கிச்சி அண்ணே, திருத்தம் ஏதாவது உண்டா? நாளைக்குப் போயிடுச்சுன்னா அப்புறம் என் கையில இல்ல.”

எய்கிச்சி சுவரை விட்டு எழுந்து வந்தார். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், அவருக்கு அரையடி பின்னால் தள்ளி மண்டியிட்டார்.

“என்னை ஏன் கேக்கறே?” என்றார். “தோகாஷி வீட்டு வயலுக்கு எனக்கு அடுத்தவன் இவன்தான். உக்காந்திருக்கற இடத்தைப் பாத்தாத் தெரியல? இவனைக் கேளு.”

பதினோரு வீட்டுக்காரர்கள் முன்னிலையில், உரக்க, தெளிவாகச் சொன்னார். ஒரு வார்த்தை கூடவுமில்லை, குறையவுமில்லை. யசுமசா நாற்றுப் பெட்டி கழுவும்போது கேட்டது இதைத்தான். கிரியே தட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிழைத்தோம் என்று நினைத்தாள்.

யசுமசா மாமனார் பக்கம் திரும்பினார். இரண்டு கையையும் பாயில் ஊன்றி, நெற்றி தரையில் படும்படி வணங்கினார். வெகுநேரம் எழவில்லை. கன்னோகூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு நிமிர்ந்து இகராஷியைப் பார்த்தார்.

“திருத்தம் ஒண்ணும் இல்லை” என்றார். “எழுதினது எழுதினபடி இருக்கட்டும்.”

“யசுமசா, நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா. சிவப்புன்னா வர்ற அறுப்போட…”

“யோசிச்சுட்டேன். நடவுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. நாத்து பாதியில நிக்குது. நட்டு முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன். அப்பாவைத் தனியா விட்டுட்டுப் போக மாட்டேன்.”

எங்கே போவார் என்று யாரும் கேட்கவில்லை. கம்பெனிக்கா, சகாதாவுக்கா என்று கிரியேவுக்கே தெரியவில்லை. இகராஷி சிவப்புக் கிரேயானை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

எய்கிச்சி மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அவர் தலையைத் திருப்பிக் கூடத்தின் மறுகோடியில், பின்கட்டு வாசலில் நின்ற மகளைப் பார்த்தார்.

“சொல்லிட்டியா?” என்று கேட்டார்.

கிரியே ஆமென்று தலையாட்டினாள்.